இரு பாதைகள், ஒரே காட்சி

கேள்வி: நேரலை ஒளிபரப்பில் ஒரே காட்சியை இரண்டு தனித்தனி இணைப்புகள் வழியே அனுப்புவார்கள் என்று அறிந்தேன். இரண்டும் ஒரே கணத்தில் வந்து சேராத நிலையில், ஓர் இணைப்பு அறுந்தாலும் படம் துள்ளாமல் இருப்பது எப்படி?
- வாசகர், கோவை

பதில்: இதற்கென, திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கமான எஸ்எம்பிடிஇ 2013-இல் வெளியிட்ட 2022-7 என்ற தரநிலை இருக்கிறது. அனுப்பும் கருவி காட்சியைச் சிறு சிறு தரவுப் பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பொட்டலத்தையும், அதன் வரிசை எண்ணும் நேர முத்திரையும் சற்றும் மாறாதபடி, இரு பாதைகளிலும் அனுப்புகிறது. பெறும் கருவி ஒவ்வோர் எண்ணுக்கும் முதலில் வந்த பிரதியை வைத்துக்கொண்டு அடுத்ததைத் தள்ளிவிடுகிறது.

நீங்கள் சுட்டிய நேர வேறுபாடுதான் இதில் கடினமான பகுதி. ஒளியிழையில் ஒளி ஒரு மில்லி நொடிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்வதால், 1,000 கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றி வரும் பிரதி 5 மில்லி நொடி பின்தங்கும். நொடிக்கு 1.485 கிகாபிட் வேகத்தில் செல்லும் சுருக்கப்படாத எச்டி காட்சி நொடிக்குச் சுமார் 1,35,000 பொட்டலங்களாகப் பயணிக்கும். அந்த 5 மில்லி நொடிக்குள்ளேயே அறுநூற்றுக்கும் மேற்பட்டவை வந்துவிடும். விரைந்து வந்தவற்றை, மெதுவான பாதையின் பிரதிகள் வந்து சேரும் வரை பஃபர் எனும் தற்காலிக நினைவகத்தில் நிறுத்திவைத்துப் பின்னர் சீராக வெளியிடுவதால்தான் இரண்டும் இசைகின்றன. தாமதத்தைக் குறைக்கும் ஆசையில் பஃபரைச் சிறிதாக்கினால், விரைவான பாதை அறுந்த கணமே படம் நின்றுவிடும். அந்தச் சிக்கனம் தவறானது என்றே நான் சொல்வேன்.

வரிசை எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. அது 16 பிட் அளவுடையது என்பதால் 65,536 பொட்டலங்களுக்கு ஒருமுறை மீண்டும் பூஜ்யத்துக்கு வருகிறது. மேற்சொன்ன வேகத்தில் இது அரை நொடிக்குள் நிகழும். பாதைகளின் வேறுபாடு அந்த அளவை எட்டினால், ஒரே எண்ணைத் தாங்கிய வேறொரு பொட்டலத்தைப் பிரதி என்று கருதிவிடும் ஆபத்து எழும். பாதைகளின் நேர வேறுபாட்டுக்குத் தரநிலை வகுத்த வகுப்புகளில் மிகத் தளர்வானதே 450 மில்லி நொடியோடு நின்றுவிடுகிறது.

இரு இழைகளும் ஒரே குழியில் புதைக்கப்பட்டிருந்தால், ஒரு மண்வாரி இயந்திரம் இரண்டையும் சேர்த்தே அறுத்துவிடும். மேலும், ஒரு பாதை செயலிழந்தாலும் திரையில் எதுவும் தெரியாது. ஆகவே இழப்பை ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனியாகக் கண்காணிக்க வேண்டும்.