சிலிண்டர் வேறு, வாயு வேறு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் ஃபேப்ரிகேஷன் ஆலையில் ஆக்சிஜன், ஆர்கான், கார்பன் டை ஆக்சைடு, அசிட்டிலீன் எல்லாம் சேர்த்து எப்போதும் நூறு சிலிண்டருக்குக் குறையாமல் இருக்கும். லேப்டாப், பிரிண்டர் கணக்குக்காக ஸ்னைப்-ஐடி மென்பொருள் வைத்திருக்கிறோம். சிலிண்டரையும் அதிலேயே கொண்டுவரலாமா? எங்கிருந்து தொடங்குவது? – வாசகர், கோவை

பதில்: தாராளமாகக் கொண்டுவரலாம். ஆனால் தீர்ந்துபோகும் பொருள்தானே என்று நினைத்துச் சிலிண்டரைக் ‘கன்சியூமபிள்’ பகுதியில் ஏற்றிவிடாதீர்கள். அங்கே ஒன்றைக் கொடுத்துவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. தீர்வது வாயு மட்டும்தான். சிலிண்டர் காலியாகத் திரும்பி வரும், நிரப்பப் போகும், சோதனைக்குப் போகும், ஒருநாள் கழிக்கப்படும். எனவே ஒவ்வொரு சிலிண்டரும் தனி எண்ணுள்ள ‘அசெட்’ ஆகத்தான் ஏற வேண்டும்.

முதல் வேலை, வகை பிரிப்பது. பெரும்பாலானோர் வாயுவின் பெயரையே ‘கேட்டகரி’ ஆக்கிவிடுகிறார்கள். கேஸ் சிலிண்டர் விதிகள் 2016 எப்படிப் பிரிக்கிறதோ அப்படிப் பிரிப்பதுதான் பின்னால் உதவும். உரிமம் இல்லாமல் ஒரு நேரத்தில் வைத்திருக்கக்கூடிய அளவு வாயுவின் தன்மையைப் பொறுத்தது. எரியாத, நச்சற்ற வாயு என்றால் 200 சிலிண்டர். எரியும் ஆனால் நச்சில்லாத வாயு என்றால் 25 சிலிண்டர் அல்லது 200 கிலோ, இரண்டில் எது குறைவோ அது. கரைந்த நிலையிலுள்ள அசிட்டிலீன் 50 சிலிண்டர். எல்பிஜி 100 கிலோ. நச்சு வாயு 5 சிலிண்டர் மட்டுமே. இந்த ஐந்தையும் ஐந்து கேட்டகரியாகப் போடுங்கள். ‘ஆக்சிஜன் 7 கனமீட்டர்’, ‘கார்பன் டை ஆக்சைடு 30 கிலோ’ போன்றவை ‘மாடல்’ ஆகட்டும். பெசோ (வெடிபொருள், கேஸ் சிலிண்டர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) ஆய்வாளர் “எரியும் வாயு எத்தனை?” என்று கேட்டால் ஒரே வடிகட்டலில் விடை வந்துவிடும். உச்ச அளவை நெருங்கும்போது மென்பொருள் தானாக எச்சரிக்காது. ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் டெலிவரி சலானில் கையெழுத்துப் போடுமுன் அந்த எண்ணிக்கையைப் பார்ப்பது நடைமுறையாக வேண்டும்.

அடுத்தது கஸ்டம் ஃபீல்டு, அதாவது நாமே சேர்க்கும் கூடுதல் கட்டம். உரிமையாளர், டேர் எடை (காலி சிலிண்டரின் எடை), நீர்க்கொள்ளளவு (உள்ளே எவ்வளவு நீர் பிடிக்கும் என்ற அளவு), கடைசிச் சோதனைத் தேதி, அடுத்த சோதனைத் தேதி ஆகிய ஐந்தும் கட்டாயம். முதல் நான்கும் சிலிண்டரின் தோள்பகுதி முத்திரையிலும் சப்ளையர் ஆவணத்திலும் கிடைக்கும். இவற்றை ஒரு ஃபீல்டுசெட் (கட்டங்களின் தொகுப்பு) ஆக்கி ஒவ்வொரு மாடலோடும் இணையுங்கள். இணைக்க மறந்தால் பதிவுப் பக்கத்தில் அந்தக் கட்டங்களே தோன்றாது.

நிலைகளுக்கு நான்கு ‘ஸ்டேட்டஸ் லேபிள்’ போதும். ‘நிறைந்தது’ டெப்ளாயபிள் (கொடுக்கலாம்), ‘நிரப்பச் சென்றது’ பெண்டிங் (காத்திருப்பு), ‘காலி’யும் ‘ஒதுக்கி வைத்தது’ம் அன்டெப்ளாயபிள் (கொடுக்க முடியாது). ‘பயன்பாட்டில்’ என்று ஒன்றை உருவாக்க வேண்டாம். செக்-அவுட் செய்ததுமே, அதாவது பயன்பாட்டுக்குக் கொடுத்ததாகப் பதிந்ததுமே, மென்பொருள் அதைத் தானாகக் காட்டும். பே (வேலை நடக்கும் பகுதி) அல்லது மேனிஃபோல்டு (பல சிலிண்டர்களை ஒரே குழாயில் இணைக்கும் அமைப்பு) இருக்கும் இடத்தின் பெயரில் செக்-அவுட் செய்யுங்கள், ஆள் பெயரில் வேண்டாம். ஷிப்ட் மாறினால் ஆள் மாறிவிடுவார். திரும்ப வரும்போது செக்-இன் (திரும்பப் பெறும்) பக்கத்திலேயே ‘காலி’ என்று மாற்றிவிட வேண்டும். இந்த ஒரு சொடுக்கு விட்டுப்போனால் காலி சிலிண்டர் நிறைந்த சிலிண்டராகக் கணக்கில் நின்றுவிடும். கணக்கு கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

கேள்வி: எங்கள் சிலிண்டர்கள் எல்லாம் வாடகை. இன்று வந்த சிலிண்டர் அடுத்த வாரம் இருக்காது. தனித்தனியாகப் பதிய வேண்டுமா? – வாசகர், ஓசூர்

பதில்: வேண்டும். வாடகைத் தகராறு வரும்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த எண்தான். வந்த சிலிண்டர் முன்பே ஒருமுறை வந்து போனதா என்று எண்ணைத் தேடிவிட்டு, இருந்தால் நிலையை மட்டும் மாற்றுங்கள், புதிதாகப் பதியாதீர்கள். சீரியல் எண் இரட்டிக்காமல் தடுக்கும் அமைப்பு ‘செட்டிங்ஸ்’ பகுதியில் உண்டு, அதை இயக்கிவிடுங்கள். இரண்டு தயாரிப்பாளர்கள் ஒரே எண்ணை அடித்திருக்கக்கூடும் என்பதால் தயாரிப்பாளர் குறியீட்டை எண்ணுக்கு முன்னால் சேர்த்துப் பதிவது நல்லது.

சலானை எக்செலில் தட்டி சிஎஸ்வி-ஆக ஏற்றுபவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 00417 என்ற எண்ணை எக்செல் 417 ஆக்கிவிடும். அந்தச் சிலிண்டர் பிறகு தேடலில் கிடைக்கவே கிடைக்காது. எண் வரும் நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ ஆக மாற்றிவிட்டுத் தட்டுங்கள். தேதியை 2026-03-15 என்ற வடிவில் கொடுங்கள். 03/04 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்று குழம்பும்.

காகித லேபிள் சிலிண்டரில் நிற்காது. எவர்சில்வர் தகட்டில் க்யூஆர் பொறித்துக் கழுத்தில் கம்பியால் கட்டுங்கள். உடல்மீது பற்றவைப்பதோ துளையிடுவதோ கூடவே கூடாது.

கேள்வி: ஹைட்ரோ டெஸ்ட் (நீரழுத்தச் சோதனை) தேதியை ‘நெக்ஸ்ட் ஆடிட் டேட்’ கட்டத்தில் போட்டேன். மாதக் கணக்கெடுப்பு முடிந்ததும் எல்லாத் தேதியும் மாறிவிட்டது. ஏன்? – வாசகர், திருச்சி

பதில்: அந்தக் கட்டம் பொருள் இருக்கிறதா என்று நேரில் பார்க்கும் தணிக்கைக்கானது. ஒவ்வொரு தணிக்கைக்குப் பிறகும் நீங்கள் வைத்த இடைவெளியைக் கூட்டி மென்பொருள் புதுத் தேதி போட்டுவிடும். சோதனைத் தேதிக்குத் தனிக் கஸ்டம் ஃபீல்டுதான் சரி. கஸ்டம் ஃபீல்டுத் தேதிக்குத் தானாக நினைவூட்டல் மின்னஞ்சல் போகாது. எனவே வாரம் ஒருமுறை கஸ்டம் ரிப்போர்ட்டை எடுத்து அந்த நெடுவரிசையைத் தேதிவாரியாக அடுக்கி, அடுத்த 60 நாளில் வருபவற்றை ‘ஒதுக்கி வைத்தது’ நிலைக்குக் கொண்டுபோங்கள்.

ஆக்சிஜன், நைட்ரஜன், ஆர்கான் போன்றவற்றின் தையலில்லாச் (பற்றவைத்த இணைப்பு இல்லாத) சிலிண்டருக்கு இடைவெளி 5 ஆண்டு, குளோரினுக்கு 2 ஆண்டு. எல்லா மாடலுக்கும் ஒரே இடைவெளியைப் போட்டால் குளோரின் டன்னர் (பெரிய குளோரின் கலன்) மூன்று ஆண்டு தாமதமாகச் சிக்கும். தவணை கடந்த சிலிண்டரை நிரப்பக் கூடாது. அசிட்டிலீன் சிலிண்டருக்குள் நுண்துளைப் பொருளும் அசிட்டோனும் இருப்பதால் அதற்கு நீரழுத்தச் சோதனை செய்வதில்லை, வேறு ஆய்வு உண்டு. அதனால்தான் கட்டத்தின் பெயரை ‘ஹைட்ரோ டெஸ்ட்’ என்று வைக்காமல் ‘அடுத்த சோதனைத் தேதி’ என்று வைக்கச் சொன்னோம்.

கேள்வி: மீதமுள்ள வாயுவை அழுத்தமானி பார்த்துப் பதிகிறோம். கார்பன் டை ஆக்சைடு மட்டும் கடைசிவரை நிறைந்ததுபோலக் காட்டிவிட்டுத் திடீரென்று தீர்கிறது. – வாசகர், திருப்பூர்

பதில்: ஆக்சிஜன் சிலிண்டருக்குள் வாயுவாகவே இருக்கிறது. 150 பாரில் 7 கனமீட்டர் என்றால் 75 பாரில் ஏறக்குறைய பாதி. கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கிறது. திரவம் ஒரு சொட்டு இருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையைத்தான் காட்டும், அளவைக் காட்டாது. 20 டிகிரியில் அது சுமார் 57 பார். 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவமே தனியாக இருக்காது, நம் கோடையில் மானியை நம்பவே முடியாது. தராசில் வைத்து மொத்த எடையிலிருந்து டேர் எடையைக் கழித்துப் பதியுங்கள். குளோரின், அம்மோனியா, குளிர்பதன வாயுக்கள் எல்லாவற்றுக்கும் இதேதான். மாடலில் ‘அளவிடும் முறை: அழுத்தம் / எடை’ என்று ஒரு கட்டம் சேர்த்தால் புதிதாக வருபவரும் தவறமாட்டார்.

கேள்வி: ஏசி சர்வீஸ் நடத்துகிறோம். குளிர்பதன வாயுவுக்கும் இதே முறையா? – வாசகர், மதுரை

பதில்: சிலிண்டர் பக்கம் இதேதான். கூடவே சில்லர் (பெரிய குளிரூட்டும் இயந்திரம்), ஏசி ஒவ்வொன்றையும் அசெட் ஆக்கி, அதன் முழுச் சார்ஜ், அதாவது உள்ளே இருக்க வேண்டிய மொத்த வாயுவின், எடையைக் கஸ்டம் ஃபீல்டில் வையுங்கள். ஒவ்வொரு சர்வீஸையும் அந்த இயந்திரத்தின் ‘மெயின்டெனன்ஸ்’ பதிவாக எழுதி, எந்தச் சிலிண்டரிலிருந்து எத்தனை கிலோ ஏற்றினீர்கள், எத்தனை கிலோ மீட்டீர்கள் என்று குறியுங்கள். 40 கிலோ சார்ஜ் உள்ள சில்லருக்கு ஓர் ஆண்டில் 6 கிலோ ஏற்றியிருந்தால் கசிவு 15 சதவீதம். அப்போது தேட வேண்டியது ஓட்டையை. மீட்ட வாயுவைத் தனிச் சிலிண்டரில், கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேற்படாமல் நிரப்புங்கள். ஆர்-22-வையும் ஆர்-410ஏ-வையும் ஒரே மீட்புச் சிலிண்டரில் கலந்துவிட்டால் சுத்திகரிப்பவர் அதை ஏற்கமாட்டார். ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு மீட்புச் சிலிண்டர் என்று மாடலிலேயே பிரித்துவிடுங்கள்.