கிராபிக்ஸ் கார்டுக்குத் தனியாக வாங்கி மாட்டிய கூலரை எப்படிச் சோதிப்பது?

கார்டோடு வந்த கூலரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினால், அது எவ்வளவு சூட்டை இறக்குகிறது, அதற்கு எவ்வளவு சத்தம் போடுகிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் சோதனை. தனித்தனியாகப் பார்த்தால் ஏமாந்துபோவோம். சீலிங் ஃபேனை ஐந்தில் வைத்தால் காற்று நன்றாகத்தான் வரும், டிவிதான் கேட்காது. அதனால் பழையது, புதியது இரண்டின் ஃபேன் வேகத்தையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் சூட்டை ஒப்பிடுங்கள். சத்தத்தை ஒரே தூரத்தில் இருந்து அளக்க வேண்டும். 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

கனமான கேம் ஒன்றை 20 நிமிடமாவது ஓட்டுங்கள். சிப்பின் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகப் பகுதியான ஹீட்சிங்க் மெதுவாகத்தான் சூடேறும்.

முக்கியமாக, கார்டு காட்டும் சூட்டிலிருந்து அறை வெப்பநிலையைக் கழித்துவிடுங்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கி ஜனவரி காலையில் சோதித்தவர், 20 டிகிரி அறையில் 70 பார்த்திருப்பார். ஏப்ரல் மதியம் அறை 34 என்றால் அதே கூலர் 84-ஐ ஒட்டிக் காட்டும். கூலர் மேல் குற்றமில்லை, வெயில்தான்.

பெரிய கூலர் போட்டால் அறையும் குளிரும் என்று பலர் நினைக்கிறார்கள். 200 வாட் இழுக்கும் கார்டு எந்தக் கூலரோடும் அந்த 200 வாட் சூட்டை அறைக்குள்தான் விடும்.