0.330 அடிக்கும் பையனை நம்பலாமா? மைனர் லீக் பேட்டர்களை எடைபோடும் விதம்

கேள்வி: வூஸ்டரில் குடியிருக்கிறோம். கோடை வந்தால் நானும் என் பன்னிரண்டு வயது மகனும் போலார் பார்க் பேஸ்பால் மைதானமே கதி என்று கிடப்போம். பாஸ்டன் ரெட் சாக்ஸின் மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள பயிற்சி மட்டங்கள்) பையன் யாராவது சராசரி 0.320, 0.330 என்று அடித்தால் "அடுத்த ஸ்டார் இவன்தான்" என்று மகன் குதிக்கிறான். மேலே, மேஜர் லீக்குக்குப் போனதும் அந்தப் பையன் காணாமல் போகிறான். நாங்கள் பெயரைக்கூடக் கவனிக்காத ஒருவர் நிலைத்து நிற்கிறார். ரஞ்சி ஆட்டக்காரர் யார் தேறுவார் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். இங்கே எதைப் பார்ப்பது? இப்போது முதல் பேஸில் ஆடும் 26 வயதுக்காரர் ஒருவர் வெளுத்து வாங்குகிறார். அவரை நம்பலாமா? மேலே போய் முதல் மாதம் சொதப்பிவிட்டால் ஒரு ஆட்டக்காரரைக் கைகழுவிவிடலாமா?

பதில்: ரோமன் ஆண்டனியிடமிருந்து தொடங்குகிறேன். உங்கள் மகன் அவரை வூஸ்டரிலேயே பார்த்திருப்பான். ரெட் சாக்ஸின் ஏணி கீழிருந்து சேலம் (சிங்கிள்-ஏ), கிரீன்வில் (ஹை-ஏ), போர்ட்லண்ட் (டபுள்-ஏ), வூஸ்டர் (டிரிபிள்-ஏ), அதற்கு மேல் மேஜர் லீக்கில் பாஸ்டன் என்று போகும். 2023இல் அவர் வர்ஜீனியாவின் சேலம் நகரில், சிங்கிள்-ஏ மட்டத்தில் ஆடினார். வயது 19. 42 ஆட்டங்களில் சராசரி 0.228, ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி) ஒன்றே ஒன்று. செய்தித்தாளில் அந்த வரியைப் பார்க்கும் யாரும் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். ரெட் சாக்ஸ் நிர்வாகமோ ஜூனில் அவரை அடுத்த மட்டமான கிரீன்வில்லுக்கு ஏற்றிவிட்டது. அங்கே 54 ஆட்டங்களில் 12 ஹோம் ரன், சராசரி 0.294. அந்த ஆண்டு முடிவதற்குள் போர்ட்லண்டுக்கும் போய்விட்டார். 2025 ஜூனில் பாஸ்டன் அணிக்கு வந்து 71 ஆட்டங்களில் 0.292 அடித்தார்.

0.228இல் அவர்கள் கண்டது என்ன? அதே சேலத்தில் அவருடைய ஆன்-பேஸ் சதவீதம், அதாவது மட்டை பிடிக்க வந்ததில் பேஸை எட்டிய பங்கு, 0.376. ஹிட் (பந்தை அடித்து பேஸை எட்டுவது) கிடைக்காத நாளிலும் மோசமான பந்துகளை விட்டுவிட்டு வாக் (நான்கு மோசமான பந்துகளுக்குக் கிடைக்கும் இலவச பேஸ்) வாங்கி பேஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். மட்டையில் பட்ட பந்துகள் பலமாகப் பறந்தன. எந்தப் பந்தை ஆடுவது, பட்டால் எவ்வளவு பலமாக அடிப்பது என்ற இரண்டும் அவர் கையில் இருப்பவை. அடித்த பந்து ஃபீல்டருக்குப் பக்கத்தில் போனதா, இரண்டு பேருக்கு நடுவே போனதா என்பது அவர் கையில் இல்லை. நீங்களும் மகனும் முதலில் பழக வேண்டியது இதைத்தான்: ஒரு எண்ணைப் பார்த்ததும், அதில் எவ்வளவு பேட்டருடையது, எவ்வளவு மற்றவர்களுடையது என்று பிரித்துப் பார்ப்பது.

சராசரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் ஒருவருக்குச் சுமார் நூறு முறை மட்டை பிடிக்கும் வாய்ப்பு வருகிறது. 25 ஹிட் என்றால் 0.250, முப்பது ஹிட் என்றால் 0.300. முன்னவரை யாரும் கண்டுகொள்வதில்லை, பின்னவர் படம் பத்திரிகையில் வரும். நடுவில் இருப்பது மாதத்துக்கு ஐந்து ஹிட். ஃபீல்டர் தலைக்கு மேல் தொப்பென்று விழுந்த இரண்டு, சரியாகப் பிடிக்காமல் விட்ட ஒன்று, கால் வேகத்தால் தப்பித்த இரண்டு என்று சேர்ந்தாலே அந்த ஐந்து வந்துவிடும். இதனால்தான் மே மாதத்துச் சராசரியை வைத்து மைனர் லீக் பையன் யாரைப் பற்றியும் நான் பேசுவதில்லை.

ஸ்ட்ரைக்அவுட்டிலும் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து பேட்டர் அவுட் ஆவது) வாக்கிலும் ஃபீல்டருக்கு வேலையே இல்லை. பந்து வீசும் பிட்சருக்கும் பேட்டருக்கும் நடுவே முடிந்துபோகும் கணக்கு அது. சில வாரங்களிலேயே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். மேஜர் லீக்கில் இப்போது மட்டை பிடிக்க வரும் நூறு முறையில் 22, 23 தடவை ஸ்ட்ரைக்அவுட் ஆகிறது, எட்டு தடவைக்குச் சற்று மேல் வாக் கிடைக்கிறது. கீழ்மட்டத்திலேயே ஒருவர் நூற்றுக்கு முப்பது தடவை ஸ்ட்ரைக்அவுட் ஆகிறார் என்றால், இன்னும் வேகமான, இன்னும் வளையும் பந்துகளுக்கு எதிரே என்ன ஆவார் என்று யோசியுங்கள். என் சொந்த அளவுகோல் இது: டபுள்-ஏயில் 28க்கு மேல் போனால் கனவு காண மாட்டேன். 18க்குக் கீழே இருந்தால், ஹோம் ரன் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் பெயரைக் குறித்துக்கொள்வேன்.

மூக்கி பெட்ஸ் கதை அதுதான். 2011இல் அணிகள் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஐந்தாவது சுற்றில் ரெட் சாக்ஸால் எடுக்கப்பட்டவர். 2012இல் ரெட் சாக்ஸின் கீழ்மட்ட லோவெல் அணிக்காக 71 ஆட்டம் ஆடி ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை. உருவமும் சிறியது. ஆனால் வாக்கும் ஸ்ட்ரைக்அவுட்டும் ஏறக்குறையச் சமம். அந்த வயதில் அது எளிதில் கிடைக்கிற குணம் இல்லை. அடுத்த ஆண்டே 15 ஹோம் ரன், 2018இல் 0.346 சராசரி, 32 ஹோம் ரன், மேஜர் லீக்கின் பாதியான அமெரிக்கன் லீகின் எம்.வி.பி. (மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்) விருது. பலம் பிறகு வந்து சேரலாம். பந்தைப் பார்க்கும் கண் பிறகு வந்து சேர்வது அபூர்வம்.

இதற்கு நேர் எதிரான கதை பிராண்டன் வுட். ஏஞ்சல்ஸ் அணியின் பையன். 2005இல் கலிபோர்னியா லீகில் ராஞ்சோ குக்கமோங்காவுக்காக 43 ஹோம் ரன் அடித்தார், வயது இருபதுதான். நாடே அவரைப் பற்றிப் பேசியது. ஸ்ட்ரைக்அவுட் அப்போதே அதிகம், கலிபோர்னியா லீகோ பேட்டர்களுக்குச் சாதகமானது என்று பேர் வாங்கியது. மேஜர் லீக்கில் அவருடைய மொத்தக் கணக்கு 18 ஹோம் ரன், சராசரி 0.186. திறமை இல்லாதவர் என்று அவரைச் சொல்ல எனக்கு மனம் வராது. 43 என்ற எண் அவரைப் பற்றிச் சொன்னதைவிட அவர் ஆடிய இடத்தைப் பற்றி அதிகம் சொன்னது.

இடம் என்று சொல்லும்போது ஒன்று. டிரிபிள்-ஏயில் இரண்டு லீகுகள்: உங்கள் வூஸ்டர் இருக்கும் இன்டர்நேஷனல் லீக், மேற்கே பசிபிக் கோஸ்ட் லீக். மேற்கில் ஆல்புகெர்க்கி கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேலே இருக்கிறது. ரீனோ, சால்ட் லேக் நகரங்களும் 4,000 அடிக்கு மேல். காற்று மெலிந்திருப்பதால் பந்து கூடுதல் தூரம் போகும், வளைய வேண்டிய பந்து சரியாக வளையாது. அங்கே 0.310 அடித்தவரையும் வூஸ்டரில் 0.280 அடித்தவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ரெட் சாக்ஸின் சொந்த வீட்டுக்குள்ளும் இது உண்டு. கிரீன்வில் மைதானத்தில் பாஸ்டனின் ஃபென்வே பார்க்கைப் போலவே இடப்பக்கம் உயரமான பச்சைச் சுவர் கட்டியிருக்கிறார்கள், போர்ட்லண்டிலும் ஒன்று இருக்கிறது. வலக்கை பேட்டர் அங்கே குவிக்கும் டபுள்களை (இரண்டாம் பேஸ்வரை கொண்டுபோகும் ஹிட்) பார்த்தால், எத்தனை சுவரில் பட்டு வந்தவை என்று கேளுங்கள். ஒருவர் வெளியூரில் எப்படி அடிக்கிறார் என்பதைத் தனியாகப் பாருங்கள். பெரும்பாலான தளங்களில் அந்தப் பிரிப்பு கிடைக்கும்.

இப்போது உங்கள் 26 வயதுக்காரர். கொஞ்சம் வருத்தமாகத்தான் சொல்கிறேன்: எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மைனர் லீக்கில் வயது பாதி விடை. இருபது வயதில் டபுள்-ஏயில் நிற்கும் பையன் தன்னைவிட மூன்று, நான்கு வயது மூத்த பிட்சர்களை எதிர்கொள்கிறான். அவன் 0.250 அடித்தாலும் அது தேர்ச்சி. 26 வயதில் டிரிபிள்-ஏயில் அடிப்பவர் தன் வயதுக்காரர்களோடும் தன்னைவிட இளையவர்களோடும்தான் மோதுகிறார். அதற்கு மேல் அவர் முதல் பேஸ்காரர். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பில் நன்றாகப் பந்து பிடிப்பவர் சுமாராக அடித்தாலும் அணிக்குத் தேவைப்படுவார். முதல் பேஸில் நிற்பவருக்கு மட்டைதான் சோறு போட வேண்டும். மைக் ஹெஸ்மன் அமெரிக்க மைனர் லீக்குகளில் 433 ஹோம் ரன் அடித்துச் சாதனை வைத்திருக்கிறார். மேஜர் லீக்கில் அவர் அடித்தது 14. டிரிபிள்-ஏயில் பிழை செய்யும் பிட்சரைத் தண்டிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மேலே பிட்சர்கள் அவ்வளவு பிழை செய்வதில்லை. உங்கள் ஆளுக்கு ஸ்ட்ரைக்அவுட் குறைவாக இருந்து, இந்த ஆண்டு பந்து பறக்கும் வேகமும் கூடியிருந்தால், என் கருத்தை மாற்றிக்கொள்வேன்.

அந்த வேகத்தை நீங்களே பார்க்கலாம். 2023 முதல் டிரிபிள்-ஏ ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஸ்டாட்காஸ்ட் (பந்தின் வேகத்தையும் தூரத்தையும் கருவியால் அளக்கும் முறை) அளவுகள் கிடைக்கின்றன. பேஸ்பால் சாவன்ட் தளத்தில் இலவசம். பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகம் மணிக்கு 95 மைலைத் தாண்டினால் பலமான அடி என்று கணக்கு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று: ஹிட் அதிர்ஷ்டத்தால் விழும், 110 மைல் அடி அதிர்ஷ்டத்தால் வராது. ஒருவர் ஒரே ஒரு தடவை அடித்துக் காட்டினாலும் அந்தப் பலம் உடம்பில் இருக்கிறது என்று அர்த்தம். 2025 ஜூன் 7 அன்று வூஸ்டருக்காக ஆண்டனி அடித்த கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது அடிக்கும் ஹோம் ரன்) 497 அடி போனது. இரண்டே நாளில் அவர் பாஸ்டன் சட்டையில் நின்றார். ஒரு எச்சரிக்கை: டிரிபிள்-ஏயில் சில ஆண்டுகளாகத் தானியங்கி ஸ்ட்ரைக் முறையை (பந்து ஸ்ட்ரைக்கா இல்லையா என்று கருவியே சொல்வது) சோதித்து வந்தார்கள். 2023இன் வாக் கணக்குகள் அதனால் ஊதிப்போனவை. அந்த ஆண்டின் வாக் எண்ணைக் கொஞ்சம் குறைத்தே படியுங்கள்.

மட்டங்களில் எது உண்மையான தேர்வுக்கூடம் என்று கேட்டால் டபுள்-ஏ என்பேன். சிங்கிள்-ஏ பிட்சருக்கு வேகம் இருக்கும், கட்டுப்பாடு இருக்காது. பந்து எண்ணிக்கையில் பின்தங்கினால் நேராக ஃபாஸ்ட்பால்தான் போடுவார். பேட்டரும் அதற்காகக் காத்திருந்து அடிப்பார். டபுள்-ஏயில் 2-0, 3-1 என்று (முதல் எண் மோசமான பந்துகள், அடுத்தது ஸ்ட்ரைக்) பேட்டர் கை ஓங்கியிருக்கும்போதே வளையும் ஸ்லைடரையும் வேகம் குறைத்து ஏமாற்றும் சேஞ்ச்அப்பையும் போடுவார்கள். காத்திருந்து அடித்தே பழகியவர்கள் அங்கே மூழ்குவார்கள். அதனால் போர்ட்லண்டில் ஒருவர் நூறு ஆட்டம் தாக்குப்பிடித்தார் என்றால் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

எல்லாக் கட்டமும் சரியாக இருந்தும் ஏமாற்றம் வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கிறிஸ்டியன் கேம்பெல் 2024இல் கிரீன்வில், போர்ட்லண்ட், வூஸ்டர் என மூன்று மட்டங்களிலும் சேர்த்து 0.330, 20 ஹோம் ரன் அடித்தார். பேஸ்பால் அமெரிக்கா இதழ் அவரை அந்த ஆண்டின் சிறந்த மைனர் லீக் ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தது. 2025 ஏப்ரலில் 8 ஆண்டுக்கு 6 கோடி டாலர் ஒப்பந்தம். அந்த மாதத்தின் சிறந்த புதுமுகமும் அவர்தான். ஜூனில் வூஸ்டருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். என் பார்வையில் பிரச்சினை அவர் ஏறிய வேகம். வூஸ்டரில் 2024இல் அவர் ஆடியது 19 ஆட்டம்தான். பிட்சர்கள் அவருடைய பலவீனத்தைக் கண்டுபிடித்து, அவர் அதற்கு மாற்று கண்டுபிடிக்கும் அந்த இரண்டாவது சுற்று கீழே நடக்கவே இல்லை. அது மேஜர் லீக்கில், எல்லோர் கண்முன்னே நடந்தது.

அந்த இரண்டாவது சுற்றை நீங்கள் போலார் பார்க்கிலேயே பார்க்கலாம். 2021 முதல் மைனர் லீக் தொடர்கள் பெரும்பாலும் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே அணியோடு ஆறு ஆட்டம். செவ்வாயன்று ஒருவர் மூன்று ஹிட் அடித்தால், வெள்ளிக்குள் எதிரணி அவருக்கு வேறு விதமாகப் பந்து போடத் தொடங்கிவிடும். மகனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். ஒரே ஒரு பேட்டரைத் தேர்ந்தெடுத்து செவ்வாயும் ஞாயிறும் இரண்டு விஷயம் மட்டும் குறிக்கச் சொல்லுங்கள்: ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போன பந்துக்கு எத்தனை தடவை மட்டையைச் சுழற்றினார், சுழற்றியதில் எத்தனை காற்றில் போனது. இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு என்ன செய்கிறார் என்று தனியாகக் குறித்தால் இன்னும் நல்லது. ஃபவுல் பந்துகளையும் (எல்லைக் கோட்டுக்கு வெளியே போகும் அடி) விடாதீர்கள். நேர் பின்னால் கம்பி வலையில் போய் மோதும் ஃபவுல், நேரம் சரியாகப் பிடிபட்டதன் அடையாளம். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சி அடிகளைக் கண்டு மயங்க வேண்டாம், அங்கே எல்லோரும் ஹோம் ரன் அடிப்பார்கள்.

கடைசிக் கேள்வி, முதல் மாதச் சொதப்பல். டஸ்டின் பெட்ரோயா 2006இல் பாஸ்டனுக்கு வந்து 89 முறை மட்டை பிடித்து 17 ஹிட் அடித்தார், சராசரி 0.191. 2007 ஏப்ரலிலும் 0.182. உள்ளூர் வானொலியில் அவரை உட்கார வைக்கச் சொல்லிக் கூச்சல். மேலாளர் டெர்ரி ஃபிரான்கோனா அசையவில்லை. மைனர் லீக்கில் இருந்த அதே பழக்கம் மேலேயும் தொடர்ந்தது: பெட்ரோயா ஸ்ட்ரைக்அவுட் ஆவதே அபூர்வம், பந்து ஒவ்வொரு முறையும் மட்டையில் பட்டுக்கொண்டே இருந்தது. அந்த ஆண்டை 0.317இல் முடித்து சிறந்த புதுமுகம் விருது வாங்கினார், 2008இல் எம்.வி.பி. ஆகவே மேலே போன பையன் 0.180 அடித்தால், சராசரியைப் பார்க்காமல் ஸ்ட்ரைக்அவுட்டைப் பாருங்கள். கீழே இருந்த அளவிலேயே நின்றால் பொறுத்திருங்கள். இரட்டிப்பாகிவிட்டால், அவர் வூஸ்டருக்குத் திரும்பும் நாளில் டிக்கெட் எடுத்துவிட்டு, அந்த நோட்டுப் புத்தகத்தில் அவர் பெயருக்குப் புதுப் பக்கம் ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள்.