வாசகர் கேள்வி: சிலிக்கோன் உலையில் துத்தநாகத்துக்கு என்ன வேலை?

கேள்வி: சிலிக்கோன் தயாரிப்பில் செம்புதான் வினையூக்கி என்று படித்தேன். அப்படியிருக்க, துத்தநாகத்தையும் வெள்ளீயத்தையும் ஏன் சேர்க்கிறார்கள்?

பதில்: 1940இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் யூஜின் ரோக்கோவும், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஜெர்மனியில் ரிச்சர்ட் முல்லரும் தனித்தனியே கண்டறிந்த முறையே இன்றும் பின்பற்றப்படுகிறது. சிலிக்கோனுக்கு மூலப்பொருளான சிலிக்கான் என்னும் தனிமத்தின் தூளுடன் சில விழுக்காடு செம்பைக் கலந்து, ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில் மெத்தில் குளோரைடு வாயுவைச் செலுத்தினால், செம்பும் சிலிக்கானும் சேர்ந்து உருவாக்கும் சிலிசைடு பரப்பில் வினை நடைபெறுகிறது.

வினை நடந்தால் மட்டும் போதாது. எந்தப் பொருள் கிடைக்கிறது என்பதே முக்கியம். ஆலைக்குத் தேவை டைமெத்தில் டைகுளோரோசிலேன். அதன் இரண்டு குளோரின்களும் நீருடன் வினைபுரிந்து வெளியேறும்போது மூலக்கூறுகள் இரு பக்கமும் இணைந்து நீண்ட சங்கிலியாகின்றன; அதுவே சிலிக்கோன். உடன் உருவாகும் மெத்தில் டிரைகுளோரோசிலேனோ மூன்று பக்கமும் இணைந்து சங்கிலிகளை வலையாகப் பிணைத்துவிடுவதால், நெகிழ்வான ரப்பருக்கோ எண்ணெய்க்கோ அது ஆகாது. முன்னது 70 டிகிரியிலும் பின்னது 66 டிகிரியிலும் கொதிப்பதால், இந்த நான்கு டிகிரி இடைவெளியில் இவற்றைப் பிரித்தெடுக்க மிக உயரமான வடிகோபுரங்களும் ஏராளமான வெப்பமும் வேண்டும். ஆகவே வேண்டாத பொருளை உலையிலேயே குறைப்பதுதான் உண்மையான சிக்கனம்.

துத்தநாகமும் வெள்ளீயமும் உதவுவது இங்கேதான். வினையூக்கியின் திறனைக் கூட்டும் இத்தகைய பொருள்களை உயர்த்திகள் என்பர். இவ்விரண்டும் சேர்ந்து தரும் பலன், தனித்தனியே தரும் பலன்களின் கூட்டுத்தொகையை விடப் பெரியது; வினையின் வேகமும் டைமெத்தில் பொருளின் பங்கும் உயர்கின்றன. வெள்ளீயம் ஒரு டன் சிலிக்கானுக்குச் சில பத்து கிராம் இருந்தாலே போதும். அளவு மிஞ்சினாலோ வேண்டாத பொருள்களின் பங்கு ஏறிவிடும். ஈயமோ மிக நுண்ணிய அளவிலேயே வினையைக் கெடுக்கும் நச்சு என்பதால், மூலப்பொருளில் அது கலந்துவிடாமல் கண்காணிப்பது அவசியம்.

கேள்வி: உயர்த்திக்குப் பதிலாகச் செம்பையே கூட்டினால் என்ன?

பதில்: அது தீர்வாகாது. சிலிக்கான் செலவாகச் செலவாக, மிகுதிச் செம்பு உலையிலேயே தங்கி, மெத்தில் குளோரைடைச் சிதைத்துத் துகள்களின் மேல் கரியைப் படியச் செய்யும்.