வாசகர் கேள்வி – பதில்: இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சாலைகளில் இருவர்

கேள்வி: நானும் என் கணவரும் வரும் மே மாதக் கடைசியில் பத்து நாள் இங்கிலாந்தில் கார் வாடகைக்கு எடுத்துச் சுற்ற எண்ணியுள்ளோம். காட்ஸ்வோல்ட்ஸ், யார்க்ஷயர் டேல்ஸ், லேக் டிஸ்ட்ரிக்ட், கார்ன்வால் ஆகிய நான்கையும் பார்க்க ஆசை. இருவருக்குமே இருபது ஆண்டு கார் ஓட்டிய பழக்கம் உண்டு. இந்திய உரிமம் அங்கே செல்லுமா? எங்கள் திட்டம் சரிதானா?
– வாசகி ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: உரிமம் செல்லும். சுற்றுலா வருபவர் நாட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து 12 மாதங்கள் வரை, செல்லுபடியாகும் இந்திய உரிமத்தைக் கொண்டே கார் ஓட்டலாம். நம்மைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால், ஐரோப்பாவின் பிற நாடுகளில் வரும் தடுமாற்றம் உங்களுக்கு இராது. இருவரும் மாறி மாறி ஓட்டப் போகிறீர்கள் என்றால், இருவர் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது.

திட்டம்தான் சரியில்லை. கார்ன்வால் தென்மேற்குக் கோடி, லேக் டிஸ்ட்ரிக்ட் வடமேற்கு. இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்த்தால் பத்தில் மூன்று நாள் நெடுஞ்சாலையிலேயே கழியும். கார்ன்வாலை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். லண்டனுக்குள் கார் எடுக்காமல் ஆக்ஸ்போர்டு வரை ரயிலில் போய் அங்கே எடுத்தால், தலைநகரின் நெரிசலும், நகர மையத்துக்குள் ஓட்டுவதற்கான நெரிசல் கட்டணமும் மிச்சம். ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள காட்ஸ்வோல்ட்ஸில் நான்கு இரவு, பிறகு ஏறத்தாழ 200 மைல் வடக்கே ஓட்டி லேக் டிஸ்ட்ரிக்டில் ஐந்து இரவு தங்குங்கள். யார்க்ஷயர் டேல்ஸ் அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஒரு நாள் போய்த் திரும்பலாம். முடிந்தால் பயணத்தை ஒரு வாரம் முன்னே தள்ளுங்கள்: மே மாதக் கடைசித் திங்கள் அங்கே பொது விடுமுறை, பள்ளிகளுக்கும் பெரும்பாலும் அதே வாரம்தான் விடுமுறை. அறை வாடகை ஏறியிருக்கும், வண்டி நிறுத்த இடமும் கிடைக்காது.

இனி, வரைபடம் சொல்லாத ஒன்று. அங்கே தூரமெல்லாம் மைலில். ஒரு மைல் சுமார் 1.6 கிலோமீட்டர். முப்பது மைல்தானே என்று கிளம்பினால் கிராமச் சாலையில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடு போட்ட பலகை, நடுவே தடுப்பு இல்லாத சாலைகளில் மணிக்கு 60 மைல் என்ற உச்ச வரம்பைக் குறிக்கிறது. அது வெறும் வரம்பே தவிர, அந்த வேகத்தில் போகலாம் என்ற உத்தரவாதம் அல்ல. அதே பலகை நடப்பட்ட பல சந்துகளில் 25 மைலே அதிகம்.

அந்தச் சந்துகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த உயிர்வேலி, நடுவே ஒரு கார் மட்டும் போகும் அகலம், பத்தடிக்கு அப்பால் திருப்பம். ஒதுங்குவதற்கென்று ஆங்காங்கே சாலையை அகலப்படுத்தியிருப்பார்கள். எதிரே வண்டி வந்தால், ஒதுங்கும் இடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் நுழைந்து நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேர் எதிரே சாலையிலேயே நின்று, அவரை அதற்குள் ஒதுங்கவிடுங்கள். மேடேறி வருபவருக்கு இயன்றவரை வழிவிடுவது முறை. டெவனில் ஒருமுறை டிராக்டர் ஒன்று எதிரே வந்து நிற்க, என் மனைவி இறங்கிக் கைகாட்ட, நான் பின்னுக்கு எடுத்தே கால் மணி நேரத்தைத் தொலைத்தேன். ஓட்டுநரோ அதற்குள் தேநீர்க் குடுவையைத் திறந்துவிட்டார். கடந்து போகையில் கையை உயர்த்தி நன்றி சொல்வதை அங்கே யாரும் தவறவிடுவதில்லை, நீங்களும் தவறவிடாதீர்கள். ஒதுங்கும் இடத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது மட்டும் வேண்டாம்.

லேக் டிஸ்ட்ரிக்டில் ஆம்பிள்சைடிலிருந்து அல்ஸ்வாட்டர் ஏரிப் பக்கம் இறங்கும் கிர்க்ஸ்டோன் கணவாய் 454 மீட்டர் உயரத்தில் உள்ளது. நிதானமாக ஓட்டுபவருக்கு அது இன்பமான சாலை. ஹார்ட்நாட் கணவாய் அப்படியல்ல. மூன்றுக்கு ஒன்று என்ற ஏற்றமும் கொண்டையூசி வளைவுகளும் சேர்ந்த அந்தச் சாலையில் வாடகை வண்டியைச் சோதித்துப் பார்க்காதீர்கள். பல ஒப்பந்தங்களில் டயரும் வண்டியின் அடிப்பாகமும் காப்பீட்டில் அடங்குவதில்லை.

காட்ஸ்வோல்ட்ஸில் பைபரி கிராமத்தின் ஆர்லிங்டன் ரோ வீடுகளைப் பார்க்காமல் வர மாட்டீர்கள். 1380-ஆம் ஆண்டளவில் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டு, 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாறிய வரிசை அது. எதிரே உள்ள ஈரநிலத்தில்தான் துணியைச் சட்டங்களில் விரித்துக் காயவைத்தார்கள். தேன் நிறச் சுண்ணாம்புக்கல் சுவரில் காலை வெயில் விழும்போது, சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்கு முன்பே போய்விடுங்கள். அந்த வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். சன்னலுக்குள் எட்டிப் பார்ப்பவர்களைக் கண்டு எனக்கே வெட்கமாக இருந்தது.

கேள்வி: பெட்ரோல், சாப்பாடு விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: பெரும்பாலும் நீங்களே நிரப்பிவிட்டு, உள்ளே போய்ப் பணம் கட்ட வேண்டும். பச்சைக் கைப்பிடி பெட்ரோல், கறுப்பு டீசல். வாடகை வண்டி எதில் ஓடுகிறது என்பதை மூடியைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். சைவ உணவு கிராமத்து மதுக்கூடங்களிலும் கிடைக்கும். ஆனால் பல இடங்களில் மதியம் இரண்டு, இரண்டரைக்கு அடுப்பை அணைத்தால் மாலை ஆறுக்குத்தான் மறுபடி ஏற்றுவார்கள்.

கேள்வி: காரை நிறுத்திவிட்டு வயல்கள் வழியே நடக்க விரும்புகிறோம். தனியார் நிலத்தில் நுழைந்ததாகிவிடாதா?
– ஒரு தம்பதி, புதுச்சேரி

பதில்: பொது நடைபாதை என்று குறிக்கப்பட்ட வழியில் நடப்பது சட்டம் தரும் உரிமை, அது விவசாயியின் நிலத்தின் நடுவே போனாலும் சரி. கம்பத்திலும் வாயிலிலும் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் அது நடப்பவருக்கானது. நீல அம்புக்குறி இருந்தால் குதிரையிலும் மிதிவண்டியிலும் வருபவர்களும் வருவார்கள். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் ஆரஞ்சு அட்டை வரைபடத்தில் இவ்வழிகள் பச்சைக் கோடுகளாக இருக்கும். அலைபேசி சிக்னல் இல்லாத பள்ளத்தாக்குகளில் அந்தக் காகிதமே துணை. திறந்து நுழைந்த வாயிலைத் திரும்ப மூடுங்கள். கன்றுடன் பசுக்கள் நின்றால் அவற்றுக்கு நடுவே புகாமல், வெகுதூரம் விலகிச் சுற்றிப் போங்கள். நம் ஊர்ப் பசுவைப் போல நெற்றியைத் தடவிக் கொடுக்கலாம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.