கின்னஸ், மர்பீஸ், பீமிஷ்: கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் வித்தியாசம் தெரியுமா?

தெரியும். ஆனால் நான் ஆறு ஆண்டுகளாக வசிக்கும் அயர்லாந்தின் கார்க் நகரத்தில், ஸ்டவுட் எனப்படும் இந்த மூன்று கறுப்பு பீர்களை முன்னிட்டு நடக்கும் சண்டையின் அளவுக்குத் தெரியாது. சிறு ஆலைகள் தயாரிக்கும் கிராஃப்ட் ஸ்டவுட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் சண்டை. கின்னஸ் டப்ளின்காரர்களுடையது. ஆர்தர் கின்னஸ் 1759இல் செயின்ட் ஜேம்ஸ் கேட் ஆலையை ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில் 9,000 ஆண்டுகளுக்குக் குத்தகை பிடித்த கதை ஊரறிந்தது. கார்க்குக்குச் சொந்தமாக இரண்டு உண்டு: 1792இல் தொடங்கிய பீமிஷ், 1856இல் தொடங்கிய மர்பீஸ். இங்கே பழைய ஆட்கள் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் சாகும்வரை விடமாட்டார்கள். பீமிஷின் பழைய ஆலை 2009இல் மூடப்பட்டது, இன்று இரண்டுமே ஹைனெகன் என்ற டச்சு பீர் நிறுவனத்துக்குச் சொந்தமான ஒரே ஆலையில்தான் தயாராகின்றன என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். உடனே பேச்சு மழையைப் பற்றித் திரும்பிவிடும்.

எங்கள் வீட்டு உரிமையாளர் பீமிஷ் கட்சி, நாற்பது ஆண்டு விசுவாசம். போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை அவரைச் சோதனைக்கு அழைத்தேன். மூன்றின் டின்களையும், கார்லோ மாவட்டத்தில் ஒரு சிறு ஆலையில் தயாராகும் ஓஹாராஸ் என்ற கிராஃப்ட் ஸ்டவுட் பாட்டில் ஒன்றையும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தேன். ஊற்றும் வேலை என் மனைவிக்கு. கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினால் நுரையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று அவள் எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துவிட்டாள். அடியில் எண் எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. காபி குடிக்கும் டம்ளரில் ஸ்டவுட்டைக் கண்ட அவர் முகத்தை நான் மறக்கமாட்டேன்.

ஓஹாராஸை இருவருமே முதல் வாயிலேயே பிடித்துவிட்டோம். அதில் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை, அது மட்டும்தான் நாக்கில் சுருக்கென்று ஏறியது. மர்பீஸையும் சரியாகச் சொன்னேன். மூன்றில் அதுதான் கசப்புக் குறைந்தது, கொஞ்சம் மிட்டாய்த்தனமான இனிப்பு உடையது. மீதி இரண்டில் சறுக்கினேன். அவரும் சறுக்கினார். “இதுதான் என் பீமிஷ்” என்று அவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்ட டம்ளரில் இருந்தது கின்னஸ்.

இப்படி ஏமாறுவதற்குக் காரணம் நைட்ரஜன். 1959இல் கின்னஸ் நிறுவனத்தில் மைக்கேல் ஆஷ் என்ற கணிதம் படித்தவர், பீப்பாயிலிருந்து பீரை நைட்ரஜன் கலந்த வாயுவோடு இறக்கும் முறையை உருவாக்கினார். நைட்ரஜன் பீரில் எளிதாகக் கரையாது. அதனால் குமிழிகள் மிகச் சிறியவை, நுரை பாலாடை மாதிரி நிற்கும். டின்னுக்குள் உருளும் பிளாஸ்டிக் பந்தின் வேலையும், திறந்ததும் நைட்ரஜனை வெளியே விட்டு அதே நுரையை எழுப்புவதுதான். கரியமில வாயு தரும் புளிப்பும் சுருக்கும் குறைந்துவிடுவதால் மூன்றுமே ஒரே பட்டுத் துணியைப் போர்த்திக்கொண்டு வருகின்றன. போதாக்குறைக்குக் குளிர். சில்லென்று இருக்கும்போது நாக்குக்குப் பாதிதான் தெரியும்.

மிச்சத்தை அப்படியே மேசையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பிக் குடித்தபோது நுரை அடங்கி, குளிரும் போயிருந்தது. இப்போதுதான் ஆளுக்கு ஆள் முகம் தெரிந்தது. பீமிஷில் கருக வறுத்த வாசனை, இரண்டாம் முறை இறக்கிய டிக்காஷனின் அடிக்கசப்பு போல, தொண்டை வரை நின்றது. கின்னஸில் லேசான புளிப்பு ஒன்று எட்டிப் பார்த்தது. மர்பீஸ் பாவம், தண்ணீராகிவிட்டது. இந்த வறுபட்ட கசப்பு மூன்றுக்கும் பொதுச் சொத்து: முளைகட்டாத பார்லியைக் கறுக்க வறுத்துச் சேர்ப்பதுதான் ஐரிஷ் ஸ்டவுட்டின் அடையாளம். கறுப்பு என்கிறோமே தவிர, கோப்பையை விளக்குக்கு நேராகப் பிடித்தால் ஓரம் மாதுளைச் சிவப்பு.

கிராஃப்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஓஹாராஸ் சாராய அளவில் கின்னஸுக்குப் பக்கத்து வீடுதான், 4.3 சதவீதம், கின்னஸ் 4.2. ஆனாலும் வறுத்த காபியின் கசப்பும் பீருக்குக் கசப்பேற்றும் ஹாப்ஸ் பூவின் பச்சைக் கசப்பும் அதில் தனித்தனியாகத் தெரிகின்றன. அதே ஆலையின் லான் ஃபொல்லான் 6 சதவீதம். கறுப்புச் சாக்லேட்டை மென்றது போல வாய் நிறையும், ஒன்றுக்கு மேல் எனக்கு முடிவதில்லை. டப்ளினின் போர்ட்டர்ஹவுஸ் தயாரிக்கும் ஆய்ஸ்டர் ஸ்டவுட்டில் நிஜமாகவே சிப்பி சேர்க்கிறார்கள், எனவே சைவர்கள் கவனிக்கவும். சிப்பி வாடை இல்லை, ஒரு வழவழப்பு மட்டும் உண்டு. அவர்களுடைய இன்னொரு ஸ்டவுட்டான ராஸ்லர்ஸ் கசப்பில் யாருக்கும் விட்டுக்கொடுக்காது. எனக்குப் பிடித்தது அதுதான், மனைவிக்குக் கஷாயம்.

ஆகவே மூன்று பெரிய பெயர்களுக்குள் மாற்றி மாற்றிக் குடித்து வித்தியாசம் தேடுவதைவிட, ஒரு கின்னஸ் டின்னையும் ஒரு ஓஹாராஸ் பாட்டிலையும் வாங்கி அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் குடித்துப் பாருங்கள். கூடுதல் காசு எதற்கென்று தெரிந்துவிடும். ஆனால் மதுக்கூடத்தில் நண்பர்களோடு மூன்று பைன்ட் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குச் சற்று மேல்) பேசிக்கொண்டே குடிப்பதற்கு நான் இன்னமும் மர்பீஸைத்தான் கேட்கிறேன். அங்கே யாருக்கு வேண்டும் சாக்லேட்டும் சிப்பியும்.

வீட்டு உரிமையாளர் மறுநாளே பீமிஷுக்குத் திரும்பிவிட்டார். பிழை முழுவதும் எவர்சில்வர் டம்ளர் மீது என்பது அவருடைய தீர்ப்பு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் காபி கொடுத்தாலும், பீங்கான் கோப்பை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்.