மாமா சொன்ன அறிவுரை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 19 வயது. அடுத்த மாதம் ராணுவப் பயிற்சிக்குப் போகிறேன். நீங்கள் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். ஓய்வுபெற்றவர்கள் யாரைக் கேட்டாலும் ஒழுக்கம், கட்டுப்பாடு, தைரியம் என்று மேடைப் பேச்சு மாதிரியே பேசுகிறார்கள். என் மாமா ஒருவர் மட்டும், அவரும் பட்டாளத்துக்காரர்தான், “எதற்கும் முந்திக்கொண்டு கை தூக்காதே” என்றார். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார். அவர் சொல்வது சரியா? 19 வயதில் நீங்கள் இருந்த அந்தப் பையனை இன்றைக்கு நீங்கள் சந்திக்க முடிந்தால் அவனிடம் என்ன சொல்வீர்கள்? பெயர் போட வேண்டாம், வீட்டில் உங்கள் தளத்தைப் படிக்கிறார்கள்.

அன்புள்ள தம்பி,

ஒழுக்கத்தைப் பற்றியும் தைரியத்தைப் பற்றியும் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லித்தர அங்கே ஆள் இருக்கிறார்கள், காது கிழியச் சொல்லித்தருவார்கள். பழைய பட்டாளத்துக்காரர்கள் ஊருக்கு முன்னால் பேசுவது வேறு, நாலு பேர் தங்களுக்குள் உட்கார்ந்து பேசுவது வேறு. அப்படி உட்காரும்போது “இன்னும் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கலாம்” என்று ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. முழங்கால், காது, தூக்கம், எங்கேயோ தொலைந்துபோன ஒரு மருத்துவச் சீட்டு, சண்டை போடாமலேயே பேச்சு நின்றுபோன ஒரு நண்பன், பேச்சு இதைச் சுற்றித்தான் போகும். எந்த நாட்டுப் பட்டாளமாக இருந்தாலும் இதில் பெரிய வித்தியாசம் இருக்காது என்று நினைக்கிறேன்.

அதனால் அந்தப் பையனிடம் நான் சொல்வது ரொம்பச் சப்பென்று இருக்கும். டேய், வலித்தால் வாயைத் திறந்து சொல். சொன்னது காகிதத்தில் ஏறியதா என்று பார். அந்தக் காகிதத்தின் நகலை நீயும் வைத்துக்கொள்.

முதலில் காது. ஏனென்றால் அது முதல் மாதத்திலேயே ஆரம்பித்துவிடும். பெரும்பாலான ரைபிள்களின் வெடிச்சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். 140ஐத் தாண்டினாலே ஒரே வெடியில் காதுக்கு நிரந்தரச் சேதம் வரலாம். உள்காதில் ஒலியை உணரும் மெல்லிய முடி மாதிரியான செல்கள் உண்டு, மனிதனுக்கு அவை ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ரேஞ்சிலிருந்து, அதாவது சுடும் பயிற்சி நடக்கும் திடலிலிருந்து, திரும்பிய அன்று ராத்திரி காதில் ‘கிய்ங்’ என்று ஒரு சத்தம் ஓடும், காலையில் நின்றுவிடும், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்போம். ஒவ்வொரு முறையும் அது முழுசாகத் திரும்பி வருவதில்லை என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரியும், அதுவும் சாப்பிடும்போது மனைவி சொல்வது கேட்கவில்லை என்று சண்டை வந்த பிறகு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு அரசு இழப்பீடு தரும் உடல்நலக் குறைபாடுகளில் காதிரைச்சல்தான் முதலிடத்தில் இருக்கிறது. குண்டுக்காயம் இல்லை, கை கால் போனது இல்லை, காதிரைச்சல். போர்முனையைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கும் இது வரும், ரேஞ்ச் போதும்.

ஸ்பஞ்ச் மாதிரியான காதடைப்பான் கொடுப்பார்கள். பாதிப் பேர் அதைக் காதின் வாசலில் மட்டும் செருகிவைத்துக்கொண்டு நிற்பார்கள், அது சும்மா அலங்காரம். விரலால் உருட்டி மெல்லிசாக்கி, மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது உப்பி அடைக்கும்வரை விரலை எடுக்காமல் இருக்க வேண்டும். பெரிய ஆயுதம் என்றால் அதற்குமேல் காதை முழுசாக மூடும் மஃப் ஒன்றும் போட வேண்டும். பக்கத்தில் நிற்பவன் கிண்டல் செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம் கால். 1855இலேயே பிரைட்ஹவுப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நீண்ட நடைக்குப் பிறகு சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். எக்ஸ்ரே கண்டுபிடித்தது 1895இல், அதற்குப் பிறகுதான் அது எலும்பில் விழுந்த மயிரிழை விரிசல் என்று தெரிந்தது. இன்றைக்கும் அதற்கு ‘மார்ச் ஃபிராக்சர்’ என்றே பெயர். பயிற்சியில் இது மிகச் சாதாரணம். ஆரம்பத்தில் சொன்னால் சில வாரம் ஓய்வு. சொல்லாமல் மாத்திரையை விழுங்கிக்கொண்டு ஓடினால் விரிசல் முழு முறிவாகலாம், அப்போது போவது சில வாரம் இல்லை, பல மாதம், சிலருக்கு வேலையே.

தெரிந்தும் ஏன் சொல்வதில்லை? சிக் ரிப்போர்ட் போடுகிறவனை, அதாவது உடம்பு சரியில்லை என்று மருத்துவரிடம் போகிறவனை, ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ‘டபாய்க்கிறான்’ என்பார்கள். நிஜமாகவே டபாய்க்கிறவர்களும் இருப்பார்கள், திங்கட்கிழமை சுமையோடு நீண்ட தூரம் நடக்கும் ரூட் மார்ச் என்றால் ஞாயிறு ராத்திரியே நொண்டுகிற ஆட்கள், அவர்களால்தான் உண்மையாக வலிக்கிறவனுக்குக் கெட்ட பெயர். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. நான் உட்கார்ந்துவிட்டால் என் சுமையைப் பக்கத்துப் படுக்கைக்காரன் தூக்க வேண்டும் என்ற எண்ணம். அந்த எண்ணம் நல்லது, பட்டாளம் நடப்பதே அதன்மேல்தான், அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் ரைபிளில் ஒரு ஸ்பிரிங் தளர்ந்தால் அன்றைக்கே ஆயுதம் பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் கொண்டுபோகிறோம், ‘கோழை ரைபிள்’ என்று யாரும் சொல்வதில்லை. முழங்காலுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? அரைகுறைக் காலோடு களத்துக்கு வருகிறவனை அந்தப் பக்கத்துப் படுக்கைக்காரன்தான் தோளில் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

இனி காகிதம். இதில்தான் எல்லாரும் கோட்டைவிடுகிறார்கள். ராணுவம் எல்லாவற்றையும் எழுதிவைக்கும், மூன்று பிரதி போடும், எதுவும் தொலையாது என்று நினைப்பீர்கள். 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ராணுவப் பணிக்கோப்புகள் இருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் வரை போயின. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் தரைப்படையிலிருந்து வெளியே வந்தவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் காலி. நகல் கிடையாது, மைக்ரோஃபிலிம் கிடையாது. இரண்டு உலகப் போர்களிலும் கொரியாவிலும் இருந்தவர்கள் அதில் அடக்கம். அதற்கு முன்பே, 1940 செப்டம்பரில் லண்டன்மேல் விழுந்த ஜெர்மானியக் குண்டு, முதல் உலகப் போரில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் எரித்துவிட்டது. மிஞ்சியவற்றுக்கு ‘எரிந்த ஆவணங்கள்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், ஓரம் கருகி, தண்ணீரில் ஊறி. அந்த மனிதர்களில் எத்தனையோ பேர், தான் ராணுவத்தில் இருந்ததையே, அடிபட்டதையே நிரூபிக்கப் பழைய கடிதங்களையும் கூட இருந்தவர்களின் சாட்சியத்தையும் தேடி அலைய வேண்டியிருந்தது. தன் பெட்டியில் நகல் வைத்திருந்தவனுக்கு அந்த அலைச்சல் இல்லை.

இன்றைக்கு எல்லாம் கணினியில் இருக்கிறதே என்பீர்கள். கணினியில் இருப்பது நீங்கள் சொன்னது மட்டும்தான் தம்பி. சொல்லாத வலி எந்தக் கணினியிலும் இருக்காது. அதனால் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, எந்தப் பயிற்சி, எங்கே அடிபட்டது, யார் பார்த்தார், என்ன மருந்து, கூட யார் இருந்தார், இவ்வளவு போதும். எந்தப் புகையில், எந்த ரசாயனத்துக்குப் பக்கத்தில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதும்கூட. வியட்நாம் போரில் அமெரிக்கப் படை ஏஜென்ட் ஆரஞ்சு போன்ற களைக்கொல்லி ரசாயனங்களைத் தெளித்தது 1962 முதல் 1971 வரை, அதனால் வந்த நோய்களுக்கு ஆதாரம் கேட்டு அலைக்கழிக்காமல் இழப்பீடு தர அமெரிக்காவில் சட்டம் வந்தது 1991இல். இடைப்பட்ட இருபது வருடத்தில் செத்துப்போனவர்களை யோசித்துப்பாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: ரகசியமாக வைக்க வேண்டியதை நோட்டில் எழுதாதீர்கள். படைப்பிரிவு எங்கே நகர்கிறது என்பதெல்லாம் உங்கள் முழங்காலுக்குத் தேவையில்லை.

மனசைப் பற்றி நிறைய எழுதலாம், கொஞ்சமாகச் சொல்கிறேன். சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915இல் ‘ஷெல் ஷாக்’ பற்றி, அதாவது போர்முனையில் சிப்பாய்களுக்கு வரும் மனக்குலைவு பற்றி, மருத்துவ இதழில் எழுதினார். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மனப்பாதிப்புக்குப் பிடிஎஸ்டி என்று பெயர் வைத்து அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் சேர்த்தது 1980இல். 65 வருடம். அவ்வளவு காலம் அதைக் கோழைத்தனம் என்றும் குடிப்பழக்கம் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். “யாரிடமாவது பேசு, சரியாகிவிடும்” என்று சுலபமாகச் சொல்கிறார்கள், எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை, ஏனென்றால் யாரிடம் பேசுகிறோம் என்பது முக்கியம். ஆனால் தூக்கம் வராததைக் குடித்துச் சரிசெய்ய ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். தூக்கம் போனால் அதுவும் சிக் ரிப்போர்ட்தான். அதுவும் நோட்டில் ஏற வேண்டும்.

பணம் பற்றி ஒரே வரி: வருடத்துக்கு 6 சதவீதம் வளர்கிற சேமிப்பு ஏறக்குறைய 12 வருடத்தில் இரட்டிப்பாகும், அதனால் 19 வயதில் போடுகிற பணத்துக்கு 31 வயதில் போடுகிற பணத்தைவிட ஒரு இரட்டிப்பு கூடுதல். முதல் சம்பளத்தில் பைக் வாங்காதீர்கள் என்று சொன்னால் கேட்கப்போவதில்லை, சரி, இரண்டாம் சம்பளத்திலிருந்தாவது ஆரம்பியுங்கள்.

உங்கள் மாமா சொன்னது பட்டாளத்தில் பழைய பாடம். “யாருக்கு டிரைவிங் தெரியும்?” என்று கேட்டு, கை தூக்கினவனிடம் தள்ளுவண்டியைக் கொடுத்து மண் அள்ளச் சொல்வார்கள். அந்த மாதிரி விஷயத்தில் மாமா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அதையே எல்லாவற்றுக்கும் பிடித்துக்கொண்டு, கோர்ஸுக்கு ஆள் கேட்கும்போதும் பின்வரிசையில் நின்றவர்களைத்தான் நான் வருத்தத்தோடு பார்க்கிறேன். மருத்துவ உதவி, ரேடியோ, என்ஜின் வேலை, கனரக வாகனம், எந்த மொழியாவது, எதற்குக் கேட்டாலும் முதலில் கை தூக்குங்கள். வெளியே வந்த பிறகு “நான் செக்ஷன் கமாண்டராக இருந்தேன்” என்றால் வேலை கொடுப்பவருக்கு அது என்னவென்று தெரியாது, சான்றிதழ் என்றால் தெரியும். அந்தச் சான்றிதழ் வெளியில் செல்லுமா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள், ராணுவத்துக்குள் மட்டும் செல்லுகிற காகிதங்களும் நிறைய உண்டு.

கடைசியாக வெளியே வரும் நாள். உங்களுக்கு அது ரொம்பத் தூரம், ஆனாலும் சொல்லிவைக்கிறேன். மருத்துவப் பரிசோதனை இருக்கும், நீளமாக ஒரு படிவம் கொடுப்பார்கள். முதுகுவலி உண்டா, காது கேட்கிறதா, தூக்கம் வருகிறதா என்று கேள்வி மேல் கேள்வி. ஒன்றுக்கு ‘ஆம்’ போட்டால் இன்னொரு டாக்டர், இன்னொரு நாள் என்று இழுக்கும் என்பதால் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டு வீட்டுக்கு ஓடுவார்கள். பிற்பாடு இழப்பீடு கேட்கும்போது முதலில் எடுத்துக் காட்டப்படுவது அவர்கள் கையெழுத்துப் போட்ட அந்தப் படிவம்தான். நீங்கள் உங்கள் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாக நிரப்புங்கள், கேட்புத்திறன் சோதனையைக் கேட்டு வாங்குங்கள், முழுக் கோப்பின் நகல் கைக்கு வந்த பிறகு கிளம்புங்கள். வீட்டுக்கு இரண்டு நாள் தாமதமாகப் போகலாம்.